கேமரா வாங்கும் முன் ஜன்னலை மூடுங்கள்!

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணி வாக்கில் கோவை, ஈரோடு, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே வளைய சூரிய கிரகணம் போய்க்கொண்டிருந்தது. சூரியனின் நடுவில் நிலா உட்கார்ந்துகொள்ள, சுற்றிலும் ஒரு நெருப்பு வளையம் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில் எத்தனையோ வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாம் இழுத்துச் சாத்தப்பட்டிருந்தன. கர்ப்பிணிகள் உள் அறையில். சாப்பாட்டுப் பாத்திரங்களில் தர்ப்பை. 'வெளியே தலையைக் காட்டாதே' என்று பாட்டிகளின் கட்டளை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கிரகணத்தைக் கண் கெடாமல் பார்ப்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது! மூடிய அறை, ஜன்னல் பலகையில் எங்கோ ஒரு சின்ன ஓட்டை அல்லது ஓடு விலகிய ஓர் இடுக்கு. அந்த வழியாக வெயில் வந்து தரையில் விழுந்தால், வழக்கமாக வட்டமாகத் தெரியும் வெளிச்சப் பொட்டு அன்றைக்கு வளையமாகத் தெரியும். கிரகணமே வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருக்கும். ஆனால் கட்டளைக்குப் பயந்து அறைக்குள் இருந்தவர்களில் எத்தனை பேர் தரையைக் குனிந்து பார்த்தார்கள்?

அதற்கு 475 வருடங்களுக்கு முன்னால், 1544 ஜனவரி 24 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லுவேன் நகரில் ஜெம்மா ஃப்ரிஸியஸ் என்பவரும் இதையேதான் செய்தார். கிரகணம் வந்தபோது அறையை மூடினார். சுவரில் ஒரு ஓட்டை விட்டார். எதிர்ச் சுவரில் விழுந்த கடிபட்ட சூரியனைப் பார்த்தார், வரைந்தார், மறு வருடமே புத்தகத்தில் அச்சிட்டார். 'கேமரா ஆப்ஸ்க்யூரா' என்ற இருட்டறையின் அச்சிட்ட படங்களில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் அறையை மூடினார்கள். ஒருவர் சுவரைப் பார்த்தார், மற்றவர்கள் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசம் இன்றைக்கும் தொடர்கிறது என்பதுதான் வருத்தம். இப்போது கட்டளை போடுவது பாட்டி இல்லை, கடைக்காரர். 'படம் வேண்டுமா? வாங்கு. இன்னும் நல்ல படம் வேண்டுமா? இன்னும் விலை உயர்ந்ததை வாங்கு!'

பெயரிலேயே இருக்கிறது விஷயம்

கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கு அறை என்று பொருள். ஆப்ஸ்க்யூரா என்றால் இருண்ட. வானியல் அறிஞர் கெப்ளர் 1604-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். பிறகு அறை சுருங்கிக் கூடாரமாகி, கூடாரம் பெட்டியாகி, பெட்டி சட்டைப்பைக்குள் போனது. பெயர் மட்டும் மாறவில்லை. கையில் இருக்கும் செல்போனில் கேமரா என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு குட்டி இருட்டறைதான்.

நீதிமன்றச் செய்திகளில் 'இன் கேமரா விசாரணை' என்று வரும். வீடியோ எடுக்கிறார்கள் போல என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு நேர்மாறான அர்த்தம்! யாரையும் உள்ளே விடாமல் மூடிய அறையில் நடத்துவது. அவ்வளவு தூரம் போவானேன்? தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் 'காமரா உள்' என்று ஓர் அறை உண்டு. போர்த்துகீசியர் விட்டுச் சென்ற அதே சொல். ஆக, தமிழ்நாட்டுத் தாத்தாக்கள் தினமும் கேமராவுக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். பேரன்தான் கேமராவுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஓட்டை என்ன செய்கிறது?

இந்த இடத்தில் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓட்டைதான் படத்தை உண்டாக்குகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. படம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது!

எதிர் வீட்டு மாடியின் ஒவ்வொரு புள்ளியில் இருந்தும் வெளிச்சம் எல்லாத் திசையிலும் கிளம்பி, திறந்த ஜன்னல் வழியாகச் சுவர் முழுக்க விழுகிறது. மாடியின் வெள்ளை, மரத்தின் பச்சை, வானத்தின் நீலம் எல்லாம் சுவரின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து விழுவதால் வெறும் வெளிச்சமாகத் தெரிகிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பேசினால் இரைச்சல் மட்டும் கேட்பது மாதிரி. ஜன்னலை மூடி ஒரே ஒரு ஓட்டை விட்டால், மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ள ஒருவர் மட்டும் பேசுவது போல ஒரே ஒரு படம் மிஞ்சுகிறது.

நம்பிக்கை இல்லையா? இருட்டறையில் இரண்டாவதாக ஓர் ஓட்டை போடுங்கள். இரண்டு படம் விழும். பத்து ஓட்டை போட்டால் பத்து படம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி. ஓட்டைகளைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஜன்னல்தான் மிஞ்சும், படம் காணாமல் போயிருக்கும். மூன்று மதிப்பெண் கேள்விக்காக அம்புக்குறி போட்டு வரைந்த கதிர்ப் படம் பத்து வருடத்தில் சொல்லித்தராததை இந்த விளையாட்டு பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

படம் தலைகீழாக விழும். ஒளி நேர்கோட்டில் போவதால், மேலே இருந்து வருவது ஓட்டை வழியாகக் கீழே போகிறது, கீழிருந்து வருவது மேலே போகிறது. அதனால் வானம் தரையில் கிடக்கும். தெரு உத்தரத்தில் ஓடும். தெருவில் போகும் ஆட்டோ, சக்கரம் மேலே, கூரை கீழே என்று சுவரில் ஊர்ந்து போகும். காகம் பறந்தால் கட்டில் காலுக்குப் பக்கத்தில் பறக்கும். சினிமா இல்லை, பதிவு இல்லை, மின்சாரம் இல்லை. அந்த நொடியில் வெளியே நடப்பது அந்த நொடியில் உள்ளே.

ஒரு படுக்கையறையின் கதை

அபெலார்டோ மொரெல் என்ற புகைப்படக்காரர் 1948-ல் கியூபாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்குப் போனவர். பாஸ்டனில் உள்ள கலைக் கல்லூரியில் புகைப்படம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களுக்கு ஒளியின் அடிப்படையைப் புரியவைக்கத்தான் முதலில் இருட்டறையைப் பயன்படுத்தினார். 1991-ல் குவின்சி என்ற ஊரில் இருந்த தன் சொந்த வீட்டில், ஜன்னலைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஓட்டை வெட்டினார். தெருவின் எதிர்வரிசை வீடுகள் படுக்கையறைச் சுவரில் தலைகீழாக வந்து தொங்கின. அறைக்குள்ளேயே பெரிய பிலிம் கேமரா ஒன்றை நிறுத்தி, கட்டில், தலையணை, சுவர், அதன் மேல் விழுந்த தெரு எல்லாவற்றையும் சேர்த்துப் படம் எடுத்தார். ஒரு படத்துக்கு ஐந்து முதல் பத்து மணி நேரம் வரை பிலிம் திறந்தே கிடக்க வேண்டியிருந்தது.

கலைக்கூடங்கள் பின்னால் போட்டிபோட்டு மாட்டிய படங்கள் அவை. ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் அதிசயம் அவருடைய பிலிம் கேமராவில் இல்லை. அது வெறும் சாட்சி. அதிசயம் முழுக்கப் படுக்கையறையிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது. கட்டிலும் பிளாஸ்டிக்கும் எல்லோருக்கும் கிடைக்கும். அவர் செய்த பெரிய காரியம், பக்கத்து அறையில் எப்போதும் இருந்ததைப் பார்க்க ஒரு நாளை ஒதுக்கியதுதான்.

'அறை என்றால் சின்னதுதானே' என்பவர்களுக்கு இன்னொரு கதை. 2006-ல் கலிஃபோர்னியாவில், கைவிடப்பட்ட எல் டோரோ ராணுவ விமானதளத்தின் விமானக் கொட்டகை ஒன்றையே புகைப்படக்காரர்கள் சிலர் இருட்டாக்கினார்கள். ஓட்டையின் அளவு வெறும் 6 மில்லிமீட்டர். ஒளி உணரும் மருந்து தடவிய பிரம்மாண்டமான துணியை உள்ளே தொங்கவிட்டு, 35 நிமிடம் வெளிச்சம் படவிட்டு, 100 அடிக்கும் மேல் அகலமான ஒரே புகைப்படத்தை எடுத்தார்கள். லென்ஸே இல்லாமல்!

வீட்டில் செய்வது எப்படி?

விமானக் கொட்டகை வேண்டாம், ஒரு படுக்கையறை போதும்.

முதலில் ஜன்னல். வெளியே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்: எதிர் வீடு, மரம், தெரு. அதன் மேல் நேரடி வெயில் அடிக்க வேண்டும். காலையில் மேற்கு பார்த்த ஜன்னல், மாலையில் கிழக்கு பார்த்த ஜன்னல். அதாவது சூரியன் வீட்டுக்கு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். மழை நாளில் முயன்றுவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று கைவிட்டவர்கள் பலர்.

அடுத்து இருட்டு. பழைய அட்டைப்பெட்டி, கறுப்பு பாலிதீன், சமையலறை அலுமினியத் தாள், பேக்கிங் டேப். பாலிதீன் பார்வைக்குக் கறுப்பு, ஆனால் வெயிலில் பிடித்தால் வெளிச்சம் கசியும். இரண்டு மூன்று மடிப்பு வேண்டும். அலுமினியத் தாளில் கிழிசல் இல்லையென்றால் ஒரு துளி கசியாது. கதவின் அடி இடுக்கில் பழைய துணியைத் திணிக்க வேண்டும். கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதையும் அடைக்க வேண்டும். மின்விசிறி சுற்றலாம், ஆனால் சுவரில் தொங்கும் துணித்திரை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிவி, சார்ஜரின் சின்னச் சிவப்பு விளக்குகள்கூட இருட்டில் பூதாகரமாகத் தெரியும், அணைத்துவிடுங்கள்.

பிறகு ஓட்டை. எதிர்ச் சுவர் 3 மீட்டர் தூரம் என்றால் 1 சென்டிமீட்டர் ஓட்டையில் தொடங்கலாம். ஒரு அட்டையில் 2 சென்டிமீட்டர் ஓட்டை, இன்னொன்றில் 1, இன்னொன்றில் அரை என்று வெட்டி மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது நல்லது. பெரிய ஓட்டை என்றால் வெளிச்சம் அதிகம், தெளிவு குறைவு. சின்ன ஓட்டை என்றால் தெளிவு அதிகம், வெளிச்சம் குறைவு. ரொம்பச் சின்னதாகப் போனாலும் ஒளி ஓட்டையின் விளிம்பில் சிதறிப் படம் மறுபடி மங்கும். 3 மீட்டருக்கு அந்த எல்லை இரண்டரை மில்லிமீட்டர் வாக்கில் வருகிறது. அதில் தெளிவு உச்சம், ஆனால் 1 சென்டிமீட்டர் ஓட்டையைவிட வெளிச்சம் 16 மடங்கு கம்மி. இரண்டையும் ஒன்றாக வாங்க முடியாது.

கடைசியாகப் பொறுமை. கதவைச் சாத்தியதும் ஒன்றும் தெரியாது. கும்மிருட்டு. பாதிப் பேர் இந்த இடத்தில் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்! கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும், முழுதாகப் பழக 20, 30 நிமிடம். செல்போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலில் இருந்து. காத்திருந்தால் முதலில் வானம் வரும், தரையில் வெளுப்பாக. பிறகு எதிர் வீட்டின் விளிம்பு. பிறகு யாரோ மொட்டைமாடியில் துணி காயப்போடுவது.

இன்னும் பளிச்சென்று வேண்டுமென்றால் கண்ணாடிக் கடையில் +0.50 பவர் லென்ஸ் ஒன்றை ஃபிரேமுக்காக வெட்டாமல் முழு வட்டமாகக் கேட்டு வாங்கலாம். அது தூரத்துக் காட்சியைச் சரியாக 2 மீட்டரில் குவிக்கும். அங்கே ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட வேண்டியதுதான். 4 சென்டிமீட்டர் திறப்பு வைத்தால், முன் சொன்ன 1 சென்டிமீட்டர் ஓட்டையைவிட 36 மடங்கு வெளிச்சம். ஒரு எச்சரிக்கை: நேர் வெயில் விழும் ஜன்னலில் லென்ஸை வைக்கவே கூடாது, துணி பொசுங்கும். லென்ஸோ ஓட்டையோ, அதன் வழியாகச் சூரியனை நேராகக் கண்ணால் பார்க்கவும் கூடாது. பார்க்க வேண்டியது சுவரை.

வரவு செலவுக் கணக்கு

பொருளாதாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்: ஏற்கெனவே செலவழித்துத் திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவில் சேர்க்கக் கூடாது. அறைக்கு வாடகை இந்த மாதம் கொடுத்தாகிவிட்டது. இருட்டுக்கு வீட்டுக்காரர் தனி வாடகை கேட்பதில்லை. அட்டை பழையது. ஆகப் புதிய செலவு டேப்பும் கொஞ்சம் அலுமினியத் தாளும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் புதுக் கேமரா. கடையை விட்டு வெளியே வந்த நிமிடமே தேய்மானம் தொடங்குகிறது. தவணை முடிவதற்குள் அடுத்த மாடல் வந்து, வாங்கியது பழசாகிவிடுகிறது. கூடவே பை, முக்காலி, ஃபில்டர், இன்னொரு லென்ஸ். கடைசியில் அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. சொல்லப்போனால் கேமரா வாங்கியவர்களில் பலருக்கு அது எப்படிப் படம் எடுக்கிறது என்றே தெரியாது. அப்பர்ச்சர் என்ற சொல் தெரியும், எஃப் எண் தெரியும், ஆனால் அந்த எண் ஏன் பெருகப் பெருக ஓட்டை சிறுக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

இருட்டறையில் உட்கார்ந்தவனுக்கு அது மனப்பாடம் செய்யும் விஷயமே இல்லை. எஃப் எண் என்பது சுவர் வரையான தூரத்தை ஓட்டையின் அகலத்தால் வகுத்தது. 3 மீட்டரை 1 சென்டிமீட்டரால் வகுத்தால் 300. கடையில் விற்கும் லென்ஸ்கள் பெரும்பாலும் 22 அல்லது 32-ல் நின்றுவிடும், அறையோ 300! அந்த எண்ணில் சுவர் எவ்வளவு மங்கலாக இருக்கும் என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. 300-ஐ 300-ஆல் பெருக்கி, மறுபடி 4-ஆல் பெருக்கினால் 3,60,000. சுவர் பளிச்சென்ற வெள்ளையாகவே இருந்தாலும் வெளியே இருப்பதில் 3,60,000-ல் ஒரு பங்கு வெளிச்சம்தான் தெரியும். மொரெல் ஏன் மணிக்கணக்கில் காத்திருந்தார் என்பது இப்போது புரிகிறதல்லவா? இன்றைய செல்போன் அதே சுவரைப் புத்தக அடுக்கின் மேல் அசையாமல் வைத்தால் 10 முதல் 30 விநாடிக்குள் பிடித்துவிடும். ஆக, செல்போன் மேல் கோபம் தேவையில்லை. அது வேலைக்காரன். அவனைப் போய் முதலாளி ஆக்கியதுதான் தப்பு.

'இதனால் என்ன பிரயோஜனம்?'

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்டுவிட வேண்டும்.

'படம் மங்கல், கலங்கல்' என்பார்கள். உண்மைதான். 30 மீட்டர் தள்ளி இருக்கும் 10 மீட்டர் உயரக் கட்டடம் 3 மீட்டர் அறையில் 1 மீட்டர் உயரத்தில் விழும். ஓட்டை 1 சென்டிமீட்டர் என்றால் கட்டடத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும் பிரிந்து தெரியாது. ஜன்னல் தெரியும், ஜன்னல் கம்பி தெரியாது. கம்பிதான் வேண்டும் என்பவர்கள் செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். இருட்டறைக்கு வருவது கம்பியை எண்ண இல்லை, படம் என்பது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு' என்பார்கள். தப்பு. ஏசுவுக்கு முந்தைய காலத்துச் சீனாவில் மோட்சு மரபினர் ஓட்டை வழியே விழும் தலைகீழ் உருவத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன் கெய்ரோவில் இப்னு அல்-ஹைதம் இருட்டிய இடத்தில் விளக்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து குழம்பாமல் ஒரே ஓட்டை வழியாகக் கடந்து போகிறது என்று சோதித்துக் காட்டினார். தமிழ்நாட்டிலும் முந்தைய தலைமுறைப் பையன்கள் ஃபியூஸ் போன பல்பைக் காலி செய்து தண்ணீர் நிரப்பி, வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, பொறுக்கிய பிலிம் துண்டை வைத்து, இருட்டிய அறையில் அப்பாவின் வேட்டியில் 'சினிமா' ஓட்டினார்கள். அதுவும் இதன் தம்பிதான். அந்தப் பையன்களிடம் பணம் இல்லை. விஷயம் தெரிந்திருந்தது.

மூன்றாவது எதிர்ப்புதான் நியாயமானது. 'ஒரே அறையில் சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் நடக்கும் வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். எந்த அறையை இருட்டாக்குவது? வாடகை வீட்டில் சுவரில் டேப் ஒட்டினால் சுண்ணாம்பு பெயர்ந்து வரும், வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?' இதற்குச் சமாதானம் சொல்லித் தப்பிக்க முடியாது. உபரியாக ஓர் அறை இருப்பதும் ஒரு சொத்துதான். டேப்புக்குப் பதில் ஜன்னல் அளவுக்கு அட்டையை வெட்டி அழுத்திச் செருகலாம். ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டி கிடைத்தால், ஒரு குழந்தை உள்ளே உட்கார்ந்து தோளுக்கு மேல் இருக்கும் ஓட்டைக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்க அட்டையைப் பார்க்கலாம். ஆனால் இதெல்லாம் தற்காலிகம். உண்மையான பதில் வேறு இடத்தில் இருக்கிறது.

மர்மம் விற்பவர்கள்

அதற்கு முன் இன்னொரு தரப்பையும் கேட்டாக வேண்டும். கர்நாடகத்தில் ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போனால், பின்பகுதியில் ஓர் அறையைக் காட்டுவார்கள். ஒன்பது நிலை ராஜகோபுரம் அந்த அறைச் சுவரில் தலைகீழாக விழும். அருமையான காட்சி. அந்த இடத்தில் அந்த ஓட்டையை விட்டவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் சுற்றுலாப் பேச்சும், வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளும் என்ன செய்கின்றன? 'விஞ்ஞானிகளுக்கே புரியாத ரகசியம்' என்று ஒரு முலாம் பூசிவிடுகின்றன. விஞ்ஞானிகளுக்குப் புரியாததாம்! ஆறாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற விஷயம்.

இப்படிச் சொல்வது முன்னோர்களுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவமானம். தெரிந்து செய்தவர்களை, தெரியாமல் நிகழ்ந்த மாயத்துக்குக் காவல்காரர்களாக ஆக்கிவிடுகிறார்கள். கடைக்காரர் 'இது கருவிக்குள் இருக்கிறது, வாங்கு' என்கிறார். மர்மக்காரர் 'இது கோயிலுக்குள் இருக்கிறது, கும்பிடு' என்கிறார். 'இது உன் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது, பார்' என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

சொல்ல வேண்டியவர்கள் யார்?

பள்ளிக்கூடம்தான். உபரி அறை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்பறை உண்டு. ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் வேப்பமரமோ, கொடிக்கம்பமோ, மைதானமோ உண்டு. பாடப் புத்தகத்தில் ஊசித்துளைக் கேமராவின் படமும் உண்டு! எல்லாம் இருந்தும் அந்தப் பாடம் கரும்பலகையில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி, இரண்டு அம்புக்குறி, ஒரு தலைகீழ் மெழுகுவர்த்தி என்று முடிந்துவிடுகிறது. பையன் அதை அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தலைகீழ் மெழுகுவர்த்தியைப் பார்த்திருக்க மாட்டான்.

'செய்முறைக்கு நிதி இல்லை' என்பது வழக்கமான பதில். இதற்கு என்ன நிதி? அட்டைப்பெட்டிகளைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். 'நேரம் இல்லை' என்பது இன்னொரு பதில். வருடத்தில் ஒரு நாள், இரண்டு பீரியட். நாற்பது பேர் இருட்டில் கத்துவார்கள், தள்ளிக்கொள்வார்கள், வாத்தியாருக்குத் தலைவலி வரும். பத்தாவது நிமிடத்தில் மைதானத்தில் விளையாடும் அடுத்த வகுப்புப் பையன்கள் உத்தரத்தில் தலைகீழாக ஓடத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் கதிர்ப் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. கண்ணுக்குள்ளும் இதே போலத் தலைகீழாகத்தான் விழுகிறது என்று வாத்தியார் சொன்னால், கெப்ளர் எழுதியதை நம்பாமல் பார்த்ததை நம்புவார்கள்.

கேமரா வாங்கக் கூடாது என்று யாரையும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். திருமண வீட்டுப் புகைப்படக்காரர் இருட்டறையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போக முடியாது. ஆனால் முதல் கேமராவுக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஜன்னலுக்குக் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால், எதை வாங்குகிறோம் என்று தெரிந்தாவது வாங்கலாம்.

2031 மே 21 அன்று இன்னொரு வளைய சூரிய கிரகணம் கேரளம் வழியாகத் தென் தமிழகத்தைக் கடக்கப் போகிறது. அன்றைக்கும் பல வீடுகளில் கதவு ஜன்னல் சாத்தப்படும். சாத்தட்டும், தப்பே இல்லை. ஜன்னலில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் விட்டுவிட்டு, பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சுவரைக் காட்டுங்கள்.